முழங்கால் அறுவை சிகிச்சைகள்: எந்தப் பாதிப்புக்கு எது?

முழங்கால் அறுவை சிகிச்சை என்பது ஒரே ஒரு சிகிச்சையின் பெயர் அன்று. முட்டியில் பென்சில் தடிமனுள்ள இரண்டு துளைகள் இட்டு அரை மணி நேரத்தில் முடிவதும் அதுவே. மூட்டின் பரப்புகளைச் சீவி எடுத்து உலோக உறை போட்டு, மூன்று மாதம் பயிற்சி செய்யவேண்டியதும் அதுவே. சேலம், நாமக்கல் பக்கத்தில் "முட்டி ஆபரேசன்" என்று சொன்னால் பெரும்பாலோர் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் இரண்டு தவறுகள் நேர்கின்றன. சிறிய சிகிச்சையில் தீரக்கூடிய இளைஞர் பயந்து ஒதுங்கிவிடுகிறார். சிகிச்சையே தேவைப்படாத பெரியவர் கடன் வாங்கியாவது செய்துகொள்ளத் துணிகிறார். எந்தப் பாதிப்புக்கு எந்த அறுவை சிகிச்சை பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முழங்காலின் அமைப்பு

தொடை எலும்பின் கீழ் முனையும், கீழ்க்கால் உள்ளெலும்பின் மேல் முனையும், முன்புறம் முட்டிச் சில்லும் சேர்ந்தது முழங்கால் மூட்டு. கதவுக் கீல் போல மடங்கும் மூட்டு என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். அது பாதி உண்மைதான். மடங்கும்போது சற்று உருளவும் வழுக்கவும் திரும்பவும் செய்கிறது. எலும்பு முனைகளின் மேல் வழுவழுப்பான குருத்தெலும்புப் பூச்சு உள்ளது. இதற்கு இரத்தக் குழாய் கிடையாது. அதனால் தேய்ந்தால் தானாக வளர்வதில்லை. இரண்டு எலும்புகளுக்கும் இடையில், உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக, பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் உள்ளன. இவை பிறைக் குருத்தெலும்புகள்; மருத்துவர்கள் மெனிஸ்கஸ் என்பார்கள். எலும்பையும் எலும்பையும் கட்டி வைப்பவை தசைநார்கள், அதாவது லிகமென்ட்கள். பக்கவாட்டில் இரண்டு, மூட்டின் நடுவில் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் சிலுவைத் தசைநார்கள் இரண்டு.

பேச்சு வழக்கில் மெனிஸ்கஸையும் "ஜவ்வு" என்கிறோம், லிகமென்டையும் "ஜவ்வு" என்கிறோம். "எனக்கு ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால் எது கிழிந்தது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு, ஓய்வுக் காலம் வேறு, செலவும் வேறு. ஸ்கேன் அறிக்கையை வாங்கும்போதே இதை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

துளை வழிச் சிகிச்சை

மூட்டைத் திறக்காமல், சிறு துளை வழியே கேமரா செலுத்தித் திரையில் பார்த்தபடி செய்யும் முறைக்கு ஆர்த்ராஸ்கோபி என்று பெயர். 1918ஆம் ஆண்டு டோக்கியோவில் கெஞ்சி தகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கப் பயன்படும் குழாயை ஓர் இறந்த உடலின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அவர் வழியில் வந்த மசாகி வதனபே 1962இல் அதே முறையில் கிழிந்த மெனிஸ்கஸை வெட்டி எடுத்தார். காசநோய் முழங்காலைப் பார்ப்பதற்காகத் தொடங்கிய முயற்சி, இன்று விளையாட்டுக் காயங்களுக்கான முதன்மைச் சிகிச்சையாக இருக்கிறது.

மெனிஸ்கஸ் கிழிவு இரு வகைப்படும். இளைஞர்களுக்கு ஓட்டத்தில் கால் ஊன்றித் திரும்பும்போது திடீரெனக் கிழிவது ஒன்று. கிழிந்த துண்டு மூட்டுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் கால் நீட்டவே வராது. பூட்டிக்கொண்டது போல நின்றுவிடும். இதற்கு அறுவை சிகிச்சை தேவை. மெனிஸ்கஸின் வெளி ஓரத்தில் மட்டும் இரத்த ஓட்டம் உண்டு. கிழிவு அங்கே இருந்தால் தைத்துவிடலாம், ஆறும். உள் ஓரத்தில் இருந்தால் ஆறாது. பிசிறை மட்டும் நறுக்கி எடுப்பார்கள். ஒரு காலத்தில் முழு மெனிஸ்கஸையும் எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. அப்படி எடுத்தவர்களின் மூட்டு பின்னாளில் தேய்வதை 1948இல் ஃபேர்பேங்க் என்ற ஆங்கிலேய மருத்துவர் எக்ஸ்ரேயில் காட்டினார். முடிந்தவரை மெனிஸ்கஸைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகே மெல்ல வலுப்பெற்றது.

மற்றொன்று, வயதாக வயதாகத் தேய்ந்து கிழிவது. ஐம்பது வயதைத் தாண்டியவர் யாருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் ஏதாவது ஒரு கிழிவு தெரிய வாய்ப்பு மிகுதி, வலி இல்லாதவருக்கும்கூட. அறிக்கையில் கிழிவு என்று இருப்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

தேய்மானத்துக்குத் துளை போட்டுக் கழுவலாமா?

"மூட்டைச் சுத்தம் செய்துவிடலாம்" என்ற பேச்சு இன்றும் காதில் விழுகிறது. தேய்ந்த மூட்டினுள் கேமரா விட்டு, உப்பு நீரால் கழுவி, பிசிறுகளைச் சுரண்டி எடுப்பது இது. ஒரு காலத்தில் உலகம் முழுவதும் பரவலாகச் செய்யப்பட்டது.

2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், தேய்மானம் உள்ள 180 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு மூட்டைக் கழுவினார்கள். ஒரு பிரிவினருக்குச் சுரண்டி எடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்குத் தோலில் கீறித் தையல் மட்டும் போட்டார்கள், உள்ளே எதுவும் செய்யவில்லை. யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது மூன்று பிரிவினருக்கும் வலியில் வேறுபாடு இல்லை. 2013இல் பின்லாந்து நாட்டு மருத்துவர்கள், வயதால் கிழிந்த மெனிஸ்கஸை நறுக்கும் சிகிச்சையையும் இதே முறையில் சோதித்து, அதே முடிவுக்கு வந்தார்கள். 2017இல் பி.எம்.ஜே. என்ற பிரித்தானிய மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல், தேய்மான முழங்காலுக்கு ஆர்த்ராஸ்கோபி வேண்டாம் என்றே கூறுகிறது.

அறிவியல் பாடம் படிக்கும் மாணவர்கள் இந்தச் சோதனைகளைத் தேடிப் படிக்கலாம். ஒப்பீட்டுக் குழு என்பது ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கழுவிய பிறகு வலி குறைந்தது உண்மைதான். கழுவாதவருக்கும் அதே அளவு குறைந்தது என்பதுதான் செய்தி.

சிலுவைத் தசைநார் காயம்

நம் பகுதியில் இளைஞர்களின் முழங்காலை அதிகம் பாதிப்பவை கபடியும் இரு சக்கர வாகனமும்தான். கபடியில் ஒருவர் காலைப் பிடித்திருக்க உடம்பு மட்டும் திரும்பும். அப்போது முன்பக்கச் சிலுவைத் தசைநார் அறுந்துபோகும். "டப்" என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து நடக்க முடிவது, பிறகு படியிறங்கும்போதோ திரும்பும்போதோ முட்டி நழுவுவது என்று இதன் வரலாறு ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். நடக்க முடிகிறதே என்று விட்டுவிடுபவர்கள் பலர். நழுவும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் மெனிஸ்கஸ் அடி வாங்குகிறது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

அறுந்த இந்தத் தசைநாரைத் தைத்தால் பெரும்பாலும் பிடிப்பதில்லை. அதனால் நோயாளியின் தொடைப் பின்பகுதியிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாணை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, புதிய தசைநாராகப் பொருத்துகிறார்கள். இதைத் தசைநார் மறுசீரமைப்பு என்கிறோம். வீட்டுக்கு அடுத்த நாளோ மறுநாளோ போய்விடலாம். ஆனால் ஆடுகளத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம் வரை ஆகும். பொருத்திய நாண் உயிருள்ள தசைநாராக மாற அவ்வளவு காலம் வேண்டும். தையல் ஆறிவிட்டது என்று நான்காம் மாதமே பொங்கல் விழாக் கபடியில் இறங்கி மீண்டும் அறுத்துக்கொள்வது நடக்கிறது.

எல்லோருக்கும் இது தேவையா? 2010இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வில் 121 இளைஞர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே அறுவை சிகிச்சையும், மற்றதற்கு முதலில் உடற்பயிற்சியும், நழுவல் தொடர்ந்தால் மட்டும் பின்னர் அறுவை சிகிச்சையும் அளித்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் இரு பிரிவினர் நிலையும் ஒன்றுபோல இருந்தது. பின்னதில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படவில்லை. எனவே விளையாட்டு வீரர், லாரியில் ஏறி இறங்குபவர், நழுவல் நிற்காதவர் ஆகியோருக்கு அறுவை சிகிச்சை. மேசை வேலை பார்ப்பவர் முதலில் பிசியோதெரபி செய்து பார்க்கலாம்.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் நம் மண்ணுக்காரர் ஒருவர் உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்திய அணிக்காக மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். அடுத்து வந்த 2021 ஐ.பி.எல். தொடரில் இரண்டு ஆட்டங்களோடு முழங்கால் காயத்தால் விலகி, ஏப்ரல் 27 அன்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2022 ஐ.பி.எல். தொடரில் மீண்டும் பந்து வீசி 18 விக்கெட்டுகள் எடுத்தார். இடக்கை வேகப்பந்து வீச்சாளருக்கு ஒவ்வொரு பந்திலும் உடல் எடையின் பல மடங்கு விசை ஊன்றும் காலில் இறங்கும் என்பதை நினைத்தால், இடைப்பட்ட மாதங்களில் அவர் செய்த பயிற்சியின் அளவு புரியும்.

எலும்பு முறிவும் மூட்டு விலகலும்

சேலம் நாமக்கல் நெடுஞ்சாலையில் விபத்துக்குக் குறைவில்லை. முட்டி நேராகத் தரையில் மோதினால் முட்டிச் சில்லு இரண்டாக உடையும். கம்பியை எட்டு வடிவில் சுற்றி இறுக்கிச் சில்லைச் சேர்ப்பார்கள். கால் மடங்கும்போது அந்தக் கம்பி விலக்கும் விசையையே அழுத்தும் விசையாக மாற்றிவிடும். இயற்பியல் ஆசிரியர் யாராவது இதை வகுப்பில் சொன்னால் மாணவர் மறக்க மாட்டார்கள். கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டு உடைந்தால் தகடும் திருகும் வைத்து மட்டம் செய்யவேண்டும். மட்டம் சரியில்லை என்றால் சில ஆண்டுகளில் மூட்டு தேய்ந்துவிடும்.

இவற்றைவிட அவசரமானது மூட்டு முழுவதும் விலகிப்போவது. முழங்காலின் பின் பள்ளத்தில் கால் முழுமைக்கும் இரத்தம் கொண்டு செல்லும் தமனி ஓடுகிறது. மூட்டு விலகும்போது அது நசுங்கலாம் அல்லது கிழியலாம். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் இரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாவிட்டால் காலையே இழக்க நேரிடலாம். விபத்துக்குப் பின் பாதம் சில்லிட்டு, வெளுத்து, உணர்ச்சி குறைந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இங்கே நாட்டுக் கட்டு பற்றிச் சொல்லியாக வேண்டும். "புத்தூர் கட்டு" என்ற பெயர்ப் பலகை இல்லாத ஊர் நம் பக்கத்தில் குறைவு. விலகாத எளிய முறிவுகள் அங்கே ஆறுவதை மறுக்க முடியாது. அசையாமல் வைத்தால் எலும்பு ஆறும் என்பது உடலின் இயல்பு. ஆனால் வீங்கிக்கொண்டிருக்கும் காலில் மூங்கில் பத்தையை இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கால் அழுகிவிடலாம். முழங்கால் மூட்டுக்குள் போகும் முறிவுக்கும், விலகலுக்கும் எந்தக் கட்டும் போதாது. எக்ஸ்ரே பார்க்காமல் கட்டக் கூடாத இடம் முழங்கால்.

சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். வருமான வரம்பு கிடையாது. வெளி மாநில லாரி ஓட்டுநருக்கும் உண்டு.

வளைந்த கால்களும் குடிநீரும்

குழந்தைகளின் கால் முட்டியில் உள்பக்கமாக இடிப்பதும், வெளிப்பக்கமாக வில்லாக வளைவதும் வேறு ஒரு வகைப் பாதிப்பு. சிறு வயதில் ஓரளவு வளைவு இயல்பானது, தானே நிமிரும். நிமிராவிட்டால் வைட்டமின் டி, சுண்ணாம்புச் சத்துக் குறைவு உள்ளதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

நம் பகுதிக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல இடங்களில் பாறை நீரில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பதும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பதும் இந்தியத் தர அளவு. மிகுந்தால் முதலில் பற்களில் பழுப்புக் கறை படியும். வகுப்பறையில் வருகைப் பதிவு எடுக்கும்போதே, சிரிக்கும் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து எந்தெந்த ஊர் என்று ஊகிக்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்பையும் மூட்டையும் தாக்கும். இந்தியாவில் இந்த எலும்பு நோய் 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில் முதலில் விவரிக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள், ஆந்திரத்தில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் இளையோருக்கு முட்டி இடிக்கும் கால்வளைவு வருவதைக் கண்டறிந்து எழுதினார்கள். திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. ஆழம் கூடக்கூடப் பாறையோடு நீண்ட காலம் கலந்திருந்த நீர் மேலே வருகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த ஊர்களில் அந்த நீரையே குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, ஆழ்துளைக் கிணற்று நீரை மற்றவற்றுக்குப் பயன்படுத்துவது நல்லது.

வளைந்த காலை நிமிர்த்த, வளரும் வயதில் சிறு தகடு ஒன்று போதும். எலும்பு வளரும் பகுதியின் ஒரு பக்கத்தைத் தகடு தடுக்க, மறுபக்கம் வளர்ந்து கால் தானாக நேராகும். பிறகு தகட்டை எடுத்துவிடுவார்கள். வளர்ச்சி முடிந்தபின் எலும்பை வெட்டித் திருத்தவேண்டும். காரணத்தைச் சரிசெய்யாமல் தகடு மட்டும் வைத்தால் வளைவு திரும்பி வரும்.

தேய்மானமும் எலும்பு திருத்தமும்

முழங்கால் தேய்மானம்தான் பெரியவர்களின் முதன்மைப் பிரச்சினை. அம்மாப்பேட்டைக் குழித்தறி நெசவாளர், மரவள்ளிக்கிழங்கு உரித்தெடுக்கும் சேகோ ஆலைப் பெண்கள், களை எடுக்கும் விவசாயக் கூலிகள், தரையில் அமர்ந்து கொலுசுக்கு மணி கோக்கும் வெள்ளித் தொழிலாளர் என நம் பகுதித் தொழில்கள் பலவும் முட்டியை முழுவதும் மடக்கிச் செய்பவை. அதோடு உடல் எடை, பழைய காயம், பரம்பரை ஆகியவையும் சேர்கின்றன.

எக்ஸ்ரேயை நின்ற நிலையில் எடுக்கவேண்டும். படுக்க வைத்து எடுத்தால் இடைவெளி இருப்பது போலவே தெரியும். தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையை 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்தார்கள். தரம் 1, 2 என்றால் அறுவை சிகிச்சைப் பேச்சுக்கே இடமில்லை. தொடை முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சி, எடைக் குறைப்பு, வலி மாத்திரையை அளவோடு எடுத்தல் ஆகியவையே சிகிச்சை. உடலில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது முழங்காலில் ஏறத்தாழ நான்கு கிலோ சுமை குறைகிறது என்று அளந்து கண்டிருக்கிறார்கள்.

நம்மவர்களுக்குப் பெரும்பாலும் மூட்டின் உள்பக்கம்தான் முதலில் தேயும். கால் வில்லாக வளையும். வெளிப்பக்கம் நன்றாக இருந்து, வயது அறுபதுக்குள் இருந்தால், கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியை வெட்டி ஆப்பு போலத் திறந்து தகடு வைத்து, எடை விழும் கோட்டை நல்ல பக்கத்துக்கு மாற்றலாம். எலும்புத் திருத்தம் எனப்படும் இது அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் உழவரும் நெசவாளரும் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியது இதுதான் என்பது என் கருத்து. காரணம், சொந்த மூட்டு அப்படியே இருக்கிறது. எலும்பு கூடியபின் பலரால் குத்துக்காலிட்டு உட்காரவும், சுமை தூக்கவும் முடிகிறது. செயற்கை மூட்டு வைத்தவருக்கு அந்த உரிமை கிடையாது. பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ கழித்துத் தேவைப்பட்டால் அப்போது மூட்டு மாற்றிக்கொள்ளலாம்.

உள்பக்கம் மட்டும் தேய்ந்து, தசைநார்கள் நன்றாக உள்ள சற்று மூத்தவர்களுக்குப் பாதி மூட்டை மட்டும் மாற்றும் முறையும் உண்டு.

முழு மூட்டு மாற்று

"மாற்று" என்ற சொல், பழைய மூட்டை அறுத்துத் தூக்கிப்போட்டு வேறொன்றை வைப்பதாக எண்ண வைக்கிறது. உண்மையில் எலும்பு முனைகளிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மட்டுமே சீவப்படுகிறது. தொடை எலும்புக்குக் கோபால்ட்-குரோமியம் உறை, கீழ் எலும்புக்கு உலோகத் தட்டு, நடுவில் உறுதியான பாலித்தீன் மெத்தை. இவற்றை எலும்புச் சிமென்ட் என்ற அக்ரிலிக் பசை பிடித்துக்கொள்ளும். சொத்தைப் பல்லுக்கு மேல் உறை போடுவதுடன் ஒப்பிடலாம்.

1890இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்பவர் காசநோய் தாக்கிய முழங்காலில் தந்தத்தால் செய்த கீலைப் பொருத்தினார். தொற்றால் அது நிலைக்கவில்லை. இன்றைய வடிவத்துக்கு முன்னோடி, 1974இல் நியூயார்க்கில் உருவான ஒரு செயற்கை மூட்டு. அதை வடிவமைத்த மூவரில் ஒருவர் இந்தியரான சித்தரஞ்சன் ரணாவத். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அன்றைய பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாயின் இடது முழங்காலை மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் மாற்றியவரும், 2001 ஜூனில் வலதை மாற்றியவரும் அவரே. நாடெங்கும் செய்தித்தாள்களில் படத்தோடு வந்த அந்தச் செய்திக்குப் பிறகுதான் நம் ஊர் டீக்கடைகளில் "முட்டி மாற்றுவது" பேச்சானது என்று எனக்கு நினைவு.

யாருக்கு இது பொருந்தும்? தரம் 4 தேய்மானம், இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, தெருக்கோடி வரைகூட நடக்க இயலாமை, ஆறு மாதமாவது மற்ற சிகிச்சை செய்தும் பயனின்மை ஆகிய எல்லாம் சேர்ந்தவருக்கு. முடக்குவாதத்தால் மூட்டு அழிந்தவருக்கு வயது குறைவாக இருந்தாலும் செய்கிறார்கள். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை; படம் மோசமாக இருந்தும் நன்றாக நடப்பவருக்கு இது தேவையில்லை. அவசரமும் கிடையாது. "இந்த மாதமே செய்யாவிட்டால் கால் போய்விடும்" என்று தேய்மானத்துக்கு யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

பல நாடுகளின் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வின்படி, முழு மூட்டு மாற்றுகளில் ஏறத்தாழ 82 விழுக்காடு 25 ஆண்டுகள் நீடிக்கின்றன. பாதி மூட்டு மாற்றில் இது 70 விழுக்காடு. எனவே 70 வயதில் செய்துகொள்பவருக்குப் பெரும்பாலும் வாழ்நாளுக்குப் போதும். 50 வயதில் செய்பவருக்கு இரண்டாம் முறை தேவைப்படலாம். அது முதல் முறையைவிடக் கடினம், செலவும் மிகுதி.

ஆபத்துகளையும் சொல்லவேண்டும். நூறில் ஒருவர் இருவருக்குத் தொற்று வரலாம். செயற்கை மூட்டில் தொற்று வந்தால் அதைக் கழற்றி எடுக்கவேண்டியும் வரலாம். சர்க்கரை நோயாளிகள் அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்தபின், சொத்தைப் பல், கால் புண் இருந்தால் ஆற்றியபின் செய்துகொள்வது இதனால்தான். கால் சிரையில் இரத்தம் உறைதல் மற்றொன்று. எல்லாம் சரியாக நடந்தும் ஐந்தில் ஒருவர் வரை முழு நிறைவு அடைவதில்லை.

சம்மணம் போடலாமா, குத்துக்காலிட்டு உட்காரலாமா என்பதுதான் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி. சிலரால் முடியும், ஆனால் பாலித்தீன் மெத்தை விரைவில் தேயும் என்பதால் பெரும்பாலான மருத்துவர்கள் வேண்டாம் என்றே சொல்கிறார்கள். எனவே வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை, உயரமான கட்டில், கைப்பிடி உள்ள படி ஆகியவற்றை அறுவை சிகிச்சைக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கழனி வேலைக்குத் திரும்பியே ஆகவேண்டியவர் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

சில அரிய நிலைகள்

முழங்காலில் திடீர் வீக்கம், கடும் காய்ச்சல், தொட்டாலே அலறும் வலி என்றால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். குழந்தைகளிடம் இது சில நாட்களில் குருத்தெலும்பை அழித்துவிடும். உடனே மூட்டைத் திறந்தோ துளை வழியாகவோ கழுவவேண்டும். மேலே கழுவுவது வீண் என்றது தேய்மானத்துக்கு. இங்கே அதுவே மூட்டைக் காக்கும்.

பத்து முதல் இருபது வயதுக்குள் முழங்காலை ஒட்டி, இரவில் மிகும் வலியும் வளரும் வீக்கமும் இருந்தால் எலும்புப் புற்றுநோயா என்று பார்க்கவேண்டும். அடிபட்ட வீக்கம் என்று எண்ணி எண்ணெய் நீவுவது ஆபத்து. முன்பு காலை எடுப்பதே வழியாக இருந்தது. இப்போது மருந்துச் சிகிச்சையோடு, கட்டியுள்ள எலும்பை மட்டும் நீக்கி நீண்ட செயற்கை மூட்டைப் பொருத்துகிறார்கள். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் மயில்வாகனன் நடராஜன் இத்தகைய மூட்டுகளை இங்கேயே குறைந்த செலவில் செய்வித்துப் பொருத்தியதில் முன்னோடி.

செலவும் காப்பீடும்

2017 ஆகஸ்ட் 16 அன்று மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் போன்ற சிறப்பு உலோகத்துக்கு 76,600 ரூபாய், வரி தனி என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது இது. இந்த விலை பின்னர் அவ்வப்போது திருத்தப்படுகிறது. மருத்துவமனைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு இல்லை. எனவே ரசீதில் மூட்டின் விலை, தயாரிப்பாளர் பெயர், மாதிரி எண் ஆகியவை தனியாக எழுதப்பட்டுள்ளனவா என்று பார்க்கவேண்டும். பின்னால் மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அந்த எண் உதவும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். வலி முற்றியபின் அலைவதைவிட முன்பே பதிவு செய்துவைப்பது எளிது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மூட்டு மாற்று இத்திட்டத்தின் கீழ் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. நம் பகுதியில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986 முதல் உள்ளது; நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. காத்திருக்கும் காலம் இருக்கலாம். அந்த இடைவெளியில் தொடைத் தசைப் பயிற்சியைச் செய்துவந்தால் அறுவை சிகிச்சைக்குப் பின் நடப்பது எளிதாகும்: நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, பத்து வரை எண்ணி, மெல்ல இறக்கவேண்டும். ஒரு காலுக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை.